சாவி உள்ளே இருப்பவரிடம்

என் அண்ணனுக்கு ஒன்றும் இல்லை என்று ஊரை நம்பவைக்க அண்ணி பல வருஷம் பாடுபட்டாள். கடைசியில் உதவித்தொகை கேட்டு அலுவலகப் படியேறினபோது, "அவருக்கு என்ன இருக்குன்னு நிரூபிங்க" என்றார்கள். காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட எங்கள் கையில் இல்லை. அண்ணி அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருந்தாள்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். நாள் முழுக்க "கிளட்ச்சை மிதிங்க சார், பிரேக்கை இல்ல, கிளட்ச்சை!" என்று கத்துகிற வாய் இது. வீட்டில் சாதாரணமாகப் பேசினாலும் "ஏம்மா திட்டுற?" என்கிறார்கள் என் பிள்ளைகள். இதில் நான் யாரையாவது கொஞ்சம் அதிகமாகத் திட்டியிருந்தால் தள்ளுபடி செய்து படித்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட வேண்டும். சாவி உள்ளே இறங்குகிறவன் பையில்தான் இருக்கும். வெளியே முதலாளியே வந்து நின்றாலும், உள்ளே இருப்பவன் ஏறி வந்து திறக்கும்வரை லிஃப்டை யாராலும் ஓட்ட முடியாது. ஒரு பூட்டு, ஒரு சாவி. மாற்றுச் சாவி வைத்திருப்பது தெரிந்தால் வேலை போய்விடும். எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் அண்ணன் இந்தப் புராணத்தை ஆரம்பித்துவிடுவான். என் பிள்ளைகள் அவனுக்குப் "பூட்டு மாமா" என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

ஒரு நாள் அவன் குழிக்குள் இருந்தபோது மேலேயிருந்து அண்ணி கூப்பிடுவது கேட்டதாம். ஏறி வந்து பார்த்தால் யாரும் இல்லை. அண்ணி அந்த நேரம் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மறுவாரமும் கேட்டது. அப்புறம் அந்தக் குரல் அவன் பின்னாலேயே வீட்டுக்கும் வந்துவிட்டது. அண்ணி எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போதே இன்னொரு அண்ணி வாசலில் நின்று கூப்பிடுவாள். ஒரு சாயங்காலம் அண்ணன் பெரிய ரோட்டுக்கு நடுவில் நின்று, இரண்டு கையையும் விரித்து வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தான். அடியில் ஆள் இருக்கிறதாம், வண்டி ஓட்டக் கூடாதாம். ஒரு லாரிக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே பிரேக் போட்டான். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

"வெயில் தலைக்கு ஏறிடுச்சு" என்று அண்ணி எல்லாரிடமும் சொன்னாள். வேலை போனதும் "நைட் ஷிஃப்டுக்கு மாத்திட்டாங்க" என்றாள். பகலெல்லாம் கதவு ஏன் சாத்தியே இருக்கிறது என்று யாரும் கேட்க முடியாது பாருங்கள். ஒரே ஒரு தடவை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள், அதுவும் பஸ் மாறி, தெரிந்த முகம் ஒன்றும் தட்டுப்படாத பேட்டைக்கு. அங்கே எழுதிக் கொடுத்த சீட்டை வரும் வழியிலேயே கிழித்துப் போட்டாள், மருந்துக் கடைக்காரன் என்ன நினைப்பானோ என்று. அந்த ஆஸ்பத்திரியையும் பிறகு மூடிவிட்டார்கள். நான் தேடிக்கொண்டு போனபோது அங்கே செருப்புக் கடை இருந்தது. மற்றபடி பக்கத்துத் தெரு டாக்டர்தான். அவரிடம் "தூக்கம் வரல, பசிக்கல" என்பாள். அவர் பலவீனம் என்று எழுதி சத்து மாத்திரை கொடுப்பார். ஆக, அரசாங்கத்தின் கண்ணில் என் அண்ணன் கொஞ்சம் சத்துக் குறைவான மனுஷன், அவ்வளவுதான்.

உதவித்தொகை எதற்கு என்றால், அண்ணி வேலையை விட வேண்டும். அவள் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். அவளுக்குக் கிடைத்தது மதிய ஷிஃப்ட். தெருவிளக்கு எரிந்த பிறகுதான் வீடு திரும்புவாள். அண்ணனுக்கு மோசமான நேரமும் சாயங்காலம்தான். அந்த நேரத்தில் அவன் கூடவே ஒருத்தர் இருக்க வேண்டும். கூட இருந்தால் சம்பளம் இல்லை, சம்பளத்துக்குப் போனால் கூட இருக்க முடியாது. "அப்ப யாருதான் பாத்துக்கறாங்க?" என்று நான் கேட்டதற்கு, "எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அம்மா அப்பப்ப எட்டிப் பாக்கறாங்க" என்றாள். நானும் நம்பினேன்.

முதல் நேர்காணலுக்கு டிரைவிங் ஸ்கூல் காரில்தான் கூட்டிப்போனேன். அண்ணனுக்கு அந்தக் கார் ரொம்பப் பிடிக்கும். ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் இன்னொரு பிரேக். "இதைச் செஞ்சவன் விவரமானவன்" என்பான். அன்றைக்கு அவனைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழமழவென்று சவரம், இஸ்திரி போட்ட சட்டை, முகம் தெரிகிற அளவுக்கு பாலிஷ் போட்ட ஷூ. பொண்ணு பார்க்கப் போகிற மாப்பிள்ளை தோற்றான். பின்சீட்டில் அண்ணி அவனுக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சிரிச்ச முகமா இருங்க. குரல் கேக்குதான்னு கேட்டா இல்லைன்னுடுங்க."

நான் வண்டியை ஓரங்கட்டினேன். "அண்ணி, நாம எதுக்குப் போறோம்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நல்ல மனுஷன்னு தெரிஞ்சாதானே உதவி பண்ணுவாங்க?"

தலையில் அடித்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் அவள் அவன் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

உள்ளே அண்ணன் பிரமாதப்படுத்திவிட்டான். இன்றைக்கு என்ன கிழமை என்றால் சொன்னான். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் கழித்தான். சோதித்த டாக்டர் பேச்சுவாக்கில் அவனுடைய தொழிலைக் கேட்டுத் தொலைத்தார். அண்ணன் லிஃப்டைப் பற்றி ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. டாக்டர் ரசித்துக் கேட்டு, கைகுலுக்கி அனுப்பினார். வெளியே வந்ததும் அண்ணி, "எவ்வளவு நல்லாப் பேசினாரு பாத்தியா!" என்று பூரித்துப்போனாள். வந்த பதில் என்ன தெரியுமா? போதிய மருத்துவ ஆதாரம் இல்லை, விண்ணப்பதாரர் வேலை செய்யத் தகுதியுடையவர்.

மேல்முறையீடு என்று ஒன்று உண்டு என்பதையே அந்த அலுவலகத்து கிளார்க் அம்மாதான் சொன்னாள். பாவம், ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பொறுமையாக விளக்கினாள். "பழைய ரெக்கார்டு இல்லன்னா பரவாயில்லம்மா. இப்பவாவது பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல காட்ட ஆரம்பிங்க, அவங்க எழுதித் தருவாங்க. அது புதுசுங்கறதால அது மட்டும் பத்தாது. கூட இருந்து பாத்தவங்க யாராவது வந்து சொல்லணும். அக்கம்பக்கம், கூட வேலை செஞ்சவங்க, இந்த மாதிரி."

ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு சின்னவயசு லேடி டாக்டர் அண்ணனைத் தனியாக உட்காரவைத்துப் பேசி, மருந்து ஆரம்பித்து, தான் பார்த்தது வரைக்கும் எழுதிக் கொடுத்தாள். பார்த்தது கொஞ்ச நாள்தானே, அதையும் நேர்மையாக எழுதியிருந்தாள். அடுத்து சாட்சி சொல்ல ஆள் பிடிக்கக் கிளம்பினேன். கீழ்வீட்டுக்காரர், "உங்க அண்ணனா? தங்கமான மனுஷன், நைட் ஷிஃப்ட் பாத்துட்டுப் பகல்ல தூங்குவாரு" என்றார். மளிகைக் கடைக்காரரும் அதையே சொன்னார். பழைய கம்பெனி மேனேஜரோ, "வெளிநாட்டு வேலைக்குப் போயிட்டாருன்னு வீட்டம்மா சொன்னாங்களே" என்று என்னையே சந்தேகமாகப் பார்த்தார். அண்ணி சொன்ன பொய்களெல்லாம் வரிசையில் நின்று அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லின. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குக் கற்றுக்கொள்ள வந்த ஒரு பாவப்பட்ட பேங்க்காரரைத் திட்டித் தீர்த்தேன்.

கடைசியாகத்தான் எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அம்மாவிடம் போனேன். எட்டிப் பார்க்கிறவள் அல்லவா, நிறைய சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் கதவைப் பாதி திறந்துகொண்டு, "உங்க அண்ணனுக்கு சாட்சியா? நானா?" என்றாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"பொண்டாட்டி வேலை முடிஞ்சு களைச்சுப்போய் வந்தா கதவைத் திறக்க மாட்டாரு. என் ஜன்னலுக்குப் படிக்கட்டு மட்டும்தான் தெரியும், அவ அதுல உக்காந்துக்கிட்டே இருப்பா. மழையில நனைஞ்சுக்கிட்டுக்கூட உக்காந்திருக்கா. உள்ள வான்னு நான் கூப்பிட்டா, காத்து வாங்கறேன்னு சொல்லுவா. மழையில என்ன காத்து? அப்படிப்பட்ட ஆம்பளைக்கு நான் எதுக்கு வந்து சொல்லணும்?"

"நீங்க அப்பப்ப எட்டிப் பாக்கறதில்லையா?" என்றேன். "என்னை அந்த வாசப்படி மிதிக்க விட்டாத்தானே!" என்றாள்.

நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். கதவில் வெளிப்பக்கம் சிவப்புப் பூட்டு ஒன்று தொங்கியது. அண்ணன் தொழிலுக்கு வைத்திருந்த அதே பூட்டு. உள்ளே அவன் நடக்கிற சத்தம் கேட்டது. நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்தேன். அண்ணி வந்து என்னைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் டிவியைக் குறைத்தார்.

"மாட்டையா கட்டிப்போட்டிருக்கீங்க? மனுஷனை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போறீங்களே, நெஞ்சுல ஈரம்னு ஏதாவது இருக்கா உங்களுக்கு?"

"மெதுவாப் பேசு."

"மெதுவா என்ன மெதுவா! சாவியை எடுங்க."

"எங்கிட்ட இல்ல" என்றாள். "சாவி உள்ள, அவருகிட்ட."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. ரோட்டு நடுவில் நின்ற அந்த நாளுக்குப் பிறகு அண்ணன்தான் கேட்டானாம், வெளியே பூட்டிவிட்டுப் போ, கால் தானாகப் போய்விடுகிறது என்று. ஆனால் வேலையில் இருந்த அதே சட்டம்தான் வீட்டிலும். அண்ணி கதவைச் சாத்தி, பூட்டை அமுக்கிவிட்டு, சாவியைக் கதவுக்கு அடியில் உள்ளே தள்ளிவிட்டுப் போவாள். திரும்பி வந்ததும் கூப்பிடுவாள். அவன் சாவியை வெளியே தள்ளுவான். அதுவும் கூப்பிடுவது அவள்தான் என்று அவன் நம்பினால்தான். நம்பாத நாளில் அண்ணி படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள்.

"இன்னொரு சாவி பண்ணி வெச்சுக்க வேண்டியதுதானே? கீழ பூட்டுக்காரன் இருக்கானே!"

அண்ணி என்னை வெறித்துப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் பொய் சொல்றேன், அது எனக்கே தெரியும். அவருகிட்ட சொன்னதில்ல. எங்கிட்ட வேற சாவி இல்லன்னு சொல்லியிருக்கேன். இல்லன்னா இல்லதான்."

அதற்கு மேல் எனக்குக் கத்த வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் என்னவோ நான் அழுததுக்குத்தான் சங்கடப்பட்டாள், யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று.

அன்றைக்கு அண்ணன் சீக்கிரமே சாவியைத் தள்ளிவிட்டான். "பாப்பா சத்தம் போட்டா அது நிஜமான பாப்பாதான்" என்றான் என்னைப் பார்த்து.

இதைத்தான் மேல்முறையீட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றேன். அண்ணி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "பூட்டி வெக்கறேன்னு தெரிஞ்சா என்னைக் கேஸ்ல போடுவாங்க, அவரைக் கொண்டுபோய் எங்கேயாவது சேத்துடுவாங்க. செத்தாலும் சொல்ல மாட்டேன்." எவ்வளவோ பேசிப் பார்த்தேன். மேல்முறையீட்டு நாளன்று காலையில் போனால் மறுபடியும் இஸ்திரி போட்டுக்கொண்டு நிற்கிறாள். "கசங்கின சட்டையைப் போட்டு விடுங்க அண்ணி" என்றேன். "பைத்தியக்கார வேஷம் போடச் சொல்றியா?" என்று அவள் வெடுக்கென்று கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. டைப்பிஸ்ட் அம்மாவிடம் மட்டும் நான் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவள் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு வந்து காரில் ஏறினாள்.

இந்தத் தடவை வேறு டாக்டர். வயசானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே மேஜையில் தேடுகிற ஆள். அண்ணன் எல்லாவற்றுக்கும் அழகாகப் பதில் சொன்னான். குரல் எதுவும் கேட்பதில்லை என்றான். டாக்டர் அண்ணியைப் பார்த்து, "நீங்க வேலைக்குப் போற நேரத்துல இவர் கூட யாரு இருக்காங்க?" என்று கேட்டார்.

"இவ இருப்பா" என்று அண்ணி என்னைக் கை காட்டினாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணி மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஆமாம் என்று சொன்னால் அவளுக்கு மானம் தப்பும். அப்புறம் இப்படியேதான், பூட்டும் படிக்கட்டும், சாகிறவரைக்கும்.

"இல்ல டாக்டர்" என்றேன். "நான் அந்த நேரத்துல எவனுக்காவது கியர் போடச் சொல்லிக்குடுத்துட்டிருப்பேன். யாரும் இல்ல. வெளிய பூட்டிட்டுப் போறாங்க."

அண்ணி என் கையை விட்டுவிட்டாள். டாக்டர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "ஒரு மனுஷனை உள்ள வெச்சா? தீ கீ பிடிச்சா என்னம்மா ஆகும்? இது எவ்வளவு பெரிய தப்புன்னு உங்களுக்குத் தெரியுதா?" என்று குரலை உயர்த்தினார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவளைத் திட்டாதீங்க" என்றான் அண்ணன். "பூட்டு என்னுது."

அந்தச் சிரித்த முகம் போய்விட்டது. இது வீட்டில் நாங்கள் பார்க்கிற அண்ணன். டாக்டர் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டு, "சொல்லுங்க" என்றார்.

"சாவியும் எங்கிட்டதான் இருக்கும். அவ வந்து கூப்பிடுவா. அதே நேரத்துல இன்னொருத்தியும் கூப்பிடுவா. ரெண்டு பேருக்கும் ஒரே குரல். ரெண்டுல எது இவ குரல்னு எனக்குத் தெரியாது. தப்பானவ கையில சாவி போயிட்டா, அவ உள்ள வந்துடுவா. அப்புறம் இவளுக்கு இடம் இருக்காது, இவ எங்க போவா? அதனால குடுக்க மாட்டேன். இவ வெளிய உக்காந்திருக்கறது தெரியும். மழை பெய்யறதும் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் நானும் உக்காந்திருப்பேன். கை மட்டும் போகாது."

அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்மேல் சந்தேகப்பட்டுத்தான் அவன் சாவியைத் தரவில்லை என்று இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாள். தன்னைக் காப்பாற்றுவதற்காக அவன் உள்ளே உட்கார்ந்திருந்தது அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு டைப்பிஸ்ட் அம்மா உள்ளே வந்து படிக்கட்டு விஷயத்தைச் சொன்னாள். தன் ஜன்னலிலிருந்து பார்த்ததை மட்டும், கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். முடித்துவிட்டு அண்ணனிடம், "நான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேங்க" என்றாள். அண்ணன், "பரவாயில்லம்மா, நானும் உங்களை அப்பப்ப தப்பா நெனச்சிருக்கேன்" என்றான். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உதவித்தொகை கிடைத்தது. நிரந்தரமாக இல்லை, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு மறுபடியும் வந்து காட்ட வேண்டும். கேஸ் எதுவும் போடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போக ஏற்பாடு செய்தார்கள், அவ்வளவுதான். அண்ணி வேலையை விட்டாள். என்னோடு மட்டும் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் போகாமல் இருக்கவில்லை. திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று போய் உட்கார்ந்துகொள்வேன்.

மருந்து உடனே ஒன்றும் செய்துவிடாது, மாதக்கணக்கில் ஆகலாம் என்று லேடி டாக்டர் சொல்லியிருந்தாள். அண்ணி வீட்டில் இருக்க ஆரம்பித்த முதல் வாரம் ஒரு சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். கதவு திறந்தே கிடந்தது. அண்ணன் சுவரோரமாக உட்கார்ந்து அண்ணியை ரொம்ப நேரம் பார்த்தான். பார்வையே சரியில்லை. நான் மெதுவாக எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"நீ அவ இல்ல" என்றான்.

முன்பெல்லாம் இந்த வார்த்தையை அவள் கதவுக்கு வெளியேயிருந்துதான் கேட்டிருக்கிறாள். இப்போது அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்டாள். சத்தியம் பண்ணுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"சரிங்க, நான் அவ இல்ல. டீ போடட்டுமா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். "போடு" என்றான். "அவளுக்கும் சேத்துப் போடு. வேலை முடிஞ்சு களைச்சுப்போய் வருவா."

அண்ணி அடுப்பங்கரைக்குப் போய் இன்னொரு டம்ளரையும் எடுத்து வைத்தாள்.